இருக்கு சார் ஆராய்ந்த கம்பெனி

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேர் 'இருக்கு சார்'. சம்பளப் பட்டியலில் வேறு ஒரு பேர் இருந்தது. அதைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை. கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பின்னால், ஜன்னலே இல்லாத ஸ்டோர் ரூமுக்கு அவர்தான் ராஜா. எந்த வார்டிலிருந்து எந்த நர்ஸ் போன் போட்டு எதைக் கேட்டாலும், கேள்வி முடியுமுன் "இருக்கு" என்று பதில் வந்துவிடும். பஞ்சு? இருக்கு. கையுறை? இருக்கு. குழந்தைகளுக்குப் போடுகிற சின்ன ஊசி? அதுவும் இருக்கு. இந்த மனுஷன் 'இல்லை' என்ற சொல்லையே பள்ளிக்கூடத்தில் படிக்காமல் விட்டுவிட்டாரோ என்று நர்ஸ்கள் கேலி செய்வார்கள்.

அப்படியில்லை. அந்தச் சொல்லை அவர் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒரு வகைத் தையல் நூல் கேட்டார்கள். தீர்ந்துபோயிருந்தது. இல்லை என்றார். பெரிய டாக்டர் தானே கீழே இறங்கி வந்தார். திட்டவில்லை, கத்தவில்லை. "மேல வாங்க. பேஷண்டோட சம்சாரம் வெளியில உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க, இல்லைன்னு" என்றார். நூல் வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேர்ந்தது, அந்த ஆளும் பிழைத்துக்கொண்டான். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்த அந்த அம்மாளின் முகம் இவரை விட்டுப் போகவே இல்லை. அதற்குப் பிறகு, ஸ்டோரில் அலமாரித் தட்டு காலியாக இருந்தால் பாவம், நிறைந்திருந்தால் புண்ணியம். இவர் உலகத்தில் மூன்றாவதாக ஒன்று கிடையாது.

ஐம்பது வயதைத் தாண்டினால் சிலருக்குத் தோட்டம் பிடிக்கும், சிலருக்குச் சாமியார் பிடிக்கும். இவருக்குக் கம்பெனிகளின் ஆண்டறிக்கை பிடித்தது. ஆஸ்பத்திரிக்கு மருந்து விற்கிற கம்பெனி ஒன்றின் அறிக்கையை யாரோ மேஜையில் விட்டுப் போனார்கள். புரட்டிப் பார்த்தவருக்கு அதில் 'கைவசம் உள்ள சரக்கு' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. அட, இது நம்ம வேலையாச்சே என்று உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனிகளின் அறிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துவந்து, ஸ்டோரில் சரக்குச் சரிபார்க்கிற அதே சிவப்புப் பென்சிலால் டிக் போட்டுப் படிக்க ஆரம்பித்தார். பங்கு வாங்கினது என்னவோ கொஞ்சம்தான். படித்தது மலை மலையாக.

"கம்பெனி முதலாளிக்கே தெரியாத விஷயமெல்லாம் இவருக்குத் தெரியும். வீட்டுல பால் தீர்ந்துபோனது மட்டும் தெரியாது" என்பாள் மனைவி.

சும்மா கிடந்த இந்த ஆராய்ச்சிக்கு ஒரு நாள் நிஜமான வேலை வந்தது. அவருடைய தங்கை வந்தாள். அவளுக்கும் ஐம்பது நெருங்குகிறது, இன்னும் இவருக்குப் பாப்பாதான். ஒரு பெரிய ஹோட்டலின் லாண்டரியில் வேலை. காலையிலிருந்து நீராவியில் நின்று விரிப்புகளை இஸ்திரி போட்டுப் போட்டு, விரல் நுனிகளெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் போயிருக்கும். லாரி ஓட்டிய அவள் புருஷன் நோயில் போய்ச் சேர்ந்தபோது அவன் முதலாளி ஒரு தொகை கொடுத்தார். அதை பேங்க்கில் போட்டுவிட்டு அவள் தொடவே இல்லை. எப்போதாவது சொந்தமாக ஒரு சலவைக் கடை, ஒரு ஷட்டர், ரெண்டு மெஷின் என்று மனசுக்குள் கட்டி வைத்திருந்தாள். ஆனால் அதற்கு அந்தத் தொகை போதாது.

"பேங்க்கில கிடந்தா எப்பண்ணா வளர்றது? நீதான் இவ்வளவு படிக்கிறியே. நல்ல கம்பெனியா ஒண்ணு பாத்துச் சொல்லேன்."

"அவசரப்படாத பாப்பா. பாத்துதான் சொல்லணும். விளையாட்டுக் காரியம் இல்லை."

"நீ பாத்தா சரி. நான் வேற யாரைக் கேக்கப் போறேன்?"

இருக்கு சார் அன்று சாப்பாட்டில் கூடக் கவனமில்லாமல் இருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தர் தன்னுடைய மொத்தத்தையும் அவருடைய சிவப்புப் பென்சிலை நம்பிக் கொடுக்கிறார்.

ஏனோதானோ என்று அவர் செய்யவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பல கம்பெனிகளை அலசிப் பார்த்துக் கழித்துக்கட்டி, கடைசியில் மின்விசிறி செய்கிற ஒரு பழைய கம்பெனியில் வந்து நின்றார். அதன் பல வருஷத்து அறிக்கைகளை வரிசையாகத் தரையில் பரப்பிவைத்து, முட்டி போட்டு நகர்ந்து நகர்ந்து படித்தார். விற்பனை வருஷா வருஷம் ஏறியிருந்தது. டிக். லாபமும் ஏறியிருந்தது. டிக். பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் தவறாமல் போயிருந்தது. டிக். கைவசம் உள்ள சரக்கு ஒவ்வொரு வருஷமும் கூடிக்கொண்டே வந்து, போன வருஷம் எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. அதற்கு ரெண்டு டிக்.

கடைசியில் ஒரு பக்கம் வரும்: கம்பெனிக்குள் ரொக்கமாகக் காசு எவ்வளவு வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று. அதை அவர் எப்போதும் போலப் புரட்டிவிட்டார். முப்பது வருஷ உத்தியோகத்தில் அவர் கையில் சாமான் புழங்கியிருக்கிறது, பணம் புழங்கியதில்லை. சாமான் வந்ததா என்று பார்ப்பது ஸ்டோர். பில்லுக்குப் பணம் கொடுப்பது மாடியில் இருக்கிற கேஷியர். 'அது கேஷியர் சமாசாரம்' என்று அந்தப் பக்கத்தை எத்தனையோ கம்பெனிகளின் அறிக்கையில் தாண்டியவர், இதிலும் தாண்டினார்.

பேப்பரை மட்டும் நம்புகிற ஸ்டோர்காரன் உருப்படமாட்டான். ஆகையால் லீவு போட்டுவிட்டு, ரெண்டு பஸ் மாறி, ஊருக்கு வெளியே இருக்கிற அந்தக் கம்பெனியின் கிடங்கைப் பார்க்கப் போனார். வாசல் காவலாளியிடம் தானும் ஒரு ஸ்டோர்காரன் என்று சொல்லிப் பேச்சுக் கொடுத்தார். இந்தத் தொழில்காரர்களுக்குள் ஒரு ஒட்டுதல் உண்டு. காவலாளி கேட்டைக் கொஞ்சம் திறந்து காட்டினான்.

உள்ளே கூரை வரைக்கும் அட்டைப்பெட்டிகள். நடந்து போக விட்ட சந்தில் கூட அடுக்கியிருந்தார்கள். இடம் போதாமல் வெளியே தார்ப்பாய் போட்டு மூடி இன்னொரு வரிசை. இருக்கு சாருக்குக் கண் நிறைந்துபோய்விட்டது. எவன் எப்போது போன் போட்டுக் கேட்டாலும் இருக்கு என்று சொல்லக்கூடிய கிடங்கு! கீழ்வரிசைப் பெட்டிகளில் விரல் வைத்தால் எழுதலாம் போலத் தூசி படிந்திருந்தது. அதையும் அவர் பார்த்தார். நம்ம ஸ்டோராயிருந்தால் கூட்டுகிறவனை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டார். தூசி ஏன் படிந்தது என்று நினைக்கவில்லை.

"எப்பவும் இப்படி நிறைஞ்சுதான் இருக்குமா?"

"இப்பல்லாம் இப்படித்தான் சார். சரக்கை உள்ள இறக்க லாரி வந்துக்கிட்டே இருக்கு."

வெளியே போகிற லாரியைப் பற்றி அவர் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸிலிருந்தே தங்கைக்குப் போன் போட்டார். "கண்ணால பாத்துட்டேன் பாப்பா. தைரியமாப் போடலாம்."

தரகர் ஆபீசுக்குத் தங்கையைக் கூட்டிப்போய், கணக்குத் தொடங்கி, காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட வைத்து, மொத்தத்தையும் அந்த ஒரே கம்பெனியில் போட வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போடலாமே என்று ஆபீசில் இருந்த பெண் சொன்னாள். பார்த்தாகிவிட்டது என்று இவர் கையசைத்தார்.

விலையும் ஏறத்தான் செய்தது. குளிர் போய் வெயில் தொடங்குகிற சமயம். ஃபேன் கம்பெனிகளின் பங்கெல்லாம் எகிறும். பாப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் அண்ணன் புராணம் பாடினாள். "உங்க பேச்சைக் கேட்டு ஒருத்தர் சந்தோஷமா இருக்காங்கன்னா, நம்பவே முடியலை" என்றாள் மனைவி. கேலிதான், ஆனால் அன்றைக்குக் காபி டம்ளரை மேஜையில் வைக்காமல் கையில் கொடுத்தாள். அந்த வயதில் ஒரு மனுஷனுக்கு அது பெரிய பதவி உயர்வு.

அந்தக் குஷியில்தான் ஃபேன் வாங்கக் கிளம்பினார். தங்கை வீட்டில் இருந்தது கிழட்டு ஃபேன். சத்தம் போடுமே தவிரக் காற்று வராது. அவளுடைய கம்பெனி ஃபேன் அவள் வீட்டிலேயே சுற்றட்டுமே என்று ஆசை. கடைவீதியில் மின்சாமான் கடையில் கம்பெனி பேரைச் சொன்னதும் கடைக்காரர் முகம் மலர்ந்துபோயிற்று.

"எடுத்துக்குங்க சார். ஒண்ணு வாங்குனா ஒண்ணு இனாம்."

"ஒரு ஃபேனுக்கு ஒரு ஃபேன் இனாமா?"

"கேட்டா மூணாவதையும் தருவேன். இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. இப்ப எல்லாரும் கம்மி கரண்ட்ல ஓடுற புது மாடலைத்தான் கேக்குறாங்க. இவங்க இன்னும் பழசையே செஞ்சு தள்ளுறாங்க."

"விற்பனை வருஷா வருஷம் கூடுதே?"

கடைக்காரர் சிரித்தார். "நீங்க வேற. வருஷக் கடைசி ஆனா போதும், கேட்டாலும் கேக்காட்டியும் லாரில கொண்டுவந்து இறக்கிருவாங்க. பில் போட்டுருவாங்க. காசு? வித்தா குடு, இல்லாட்டி அப்புறம் திருப்பி அனுப்புன்னுவாங்க. ஊர்ல எல்லாக் கடையிலயும் இதே கதைதான்."

இருக்கு சார் எண்ணிக்கொண்டிருந்த நோட்டுகளை விட்டு நிமிர்ந்தார். இந்த வித்தை அவருக்குத் தெரியாததா? வருஷக் கடைசியில் ஒவ்வொரு வார்டும் வேண்டியது வேண்டாததையெல்லாம் எழுதி வாங்கி அலமாரியில் திணித்து, செலவானதாகக் கணக்குக் காட்டும். அடுத்த மாசம் ஸ்டோருக்கே நைசாகத் திரும்பி வரும். எத்தனை நர்ஸ்களை இவரே கையும் களவுமாகப் பிடித்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டிருக்கிறார்! அதையே ஒரு கம்பெனி பெரிய அளவில் செய்தபோது, டிக் மேல் டிக் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து, கைகால் கூடக் கழுவாமல், தாண்டிப் போன அந்தப் பக்கத்தைப் பிரித்தார். படிக்கப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியிருக்கவில்லை. லாபம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த வருஷங்களில் கம்பெனிக்குள் காசு சொட்டுச் சொட்டாகத்தான் வந்திருந்தது. கடைசி வருஷம் வந்ததைவிடப் போனதுதான் அதிகம். கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்திருந்தார்கள். கிடங்கு நிறைந்தது செழிப்பால் அல்ல, வாங்க ஆளில்லாமல். மருந்து தீராமல் இருந்தால் ஆஸ்பத்திரி பிழைக்கும். ஃபேன் தீராமல் இருந்தால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்? இது ஒரு சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியுமே என்று தலையில் அடித்துக்கொண்டார்.

விலை இன்னும் இறங்கவில்லை, ஏறித்தான் இருந்தது. மறுநாளே சொல்லி விற்றிருந்தால் பாப்பாவுக்கு லாபமாகவே முடிந்திருக்கும். மறுநாள் சொல்லத்தான் போனார், சத்தியமாக. கையில் ஒரு ஃபேனோடு போனார். இனாமாக வந்ததைத் தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போனார். பாப்பா பெட்டியில் கம்பெனி பேரைப் பார்த்ததும் கை தட்டினாள். பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். எலெக்ட்ரிஷியனை வரவழைத்து மாட்டினாள். சத்தமே இல்லாமல் குளுகுளுவென்று காற்று வந்தது. "எங்கண்ணன் ஆறு மாசம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச கம்பெனி" என்று ஆறு வாரத்தை ஆறு மாசமாக்கி அவள் பெருமை பேசும்போது, இவர் சொல்ல வந்ததை மென்று விழுங்கினார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

அந்த 'நாளை' வரவே இல்லை. விலை ஏறின நாட்களில், கடைக்காரன் எதையோ உளறியிருப்பான், சந்தைக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். இறங்கின நாட்களில், இப்போது விற்றால் நஷ்டம், பழைய விலைக்கு வரட்டும், வந்ததும் சொல்லிவிடலாம் என்று சப்பைக்கட்டு கட்டினார். உண்மையான காரணம் வேறு, அது அவருக்கும் தெரியும். பெஞ்சிலிருந்து அண்ணாந்து பார்த்த அந்த முகம். அதைத் தன் தங்கையின் முகமாகப் பார்க்க அவருக்குத் திராணி இல்லை. கோழைத்தனம்தான், வேறு எந்த நல்ல பேரும் அதற்கு வைக்க முடியாது.

வெயில் காலம் முடிந்ததும் கடைகளிலிருந்து சரக்கு திரும்ப ஆரம்பித்திருக்க வேண்டும். காலாண்டு முடிவு வந்த அன்று பங்கு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. தற்காலிகச் சரிவுதான், கவலை வேண்டாம் என்று கம்பெனி அறிக்கை விட்டது. இருக்கு சார் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். அதற்குள் பாப்பா காதில் யாரோ எதையோ போட்டிருந்தார்கள். வேலை நேரத்தில் ஸ்டோருக்கே போன் வந்தது.

"அண்ணா, ஃபேன் கம்பெனி விலை இறங்கிருச்சுன்னு இங்க ஒருத்தர் சொல்றாரே. நம்ம பணம் இருக்குல்ல?"

"இருக்கு."

யோசித்துச் சொல்லவில்லை. அந்த ஸ்டோரில், அந்த போனில், காலம் பூராவும் சொல்லிப் பழகின சொல், தானாக வந்து விழுந்துவிட்டது. "அதானே, நீ பாத்ததாச்சே" என்று அவள் போனை வைத்துவிட்டாள். இருக்கு சார் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். குழந்தைகள் வார்டிலிருந்து ஆள் வந்து ரெண்டு தடவை கூப்பிட்டதற்கு அப்புறம்தான் திரும்பினார்.

சோறு இறங்கவில்லை. தூக்கம் வரவில்லை. "உடம்புக்கு என்ன?" என்று கேட்ட மனைவி மேல் எரிந்து விழுந்தார். ஒரு நாள் வீடு பெருக்கும்போது அவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்து, "இவ்வளவு நல்ல ஃபேனை எதுக்கு இப்படி மறைச்சு வச்சிருக்கீங்க?" என்றாள். எல்லாவற்றையும் அவளிடம்தான் முதலில் கொட்டினார். அவள் கேலி செய்யவில்லை. பெட்டி மேலேயே உட்கார்ந்து கேட்டாள்.

"என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? போட்டது அவ பணம்" என்றாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோதே பாப்பாவிடமிருந்து போன். ஷட்டர் கிடைத்துவிட்டதாம். ஹோட்டலுக்குப் பின் தெரு, தண்ணீர் வசதி, வாடகையும் கட்டுபடியாகும். வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்க வேண்டுமாம். "பணத்தை எடுக்கணும்ணா. நீ வந்தா கடையைக் காட்டுறேன்."

மழையில் நனைந்துகொண்டே போனார். ஹாலில் பாப்பா ஒரு துண்டைக் கொடுத்துத் துவட்டச் சொன்னாள். ஃபேனைப் போட்டாள். கடை எப்படி இருக்கிறது, மெஷினை எந்தப் பக்கம் வைப்பது, எதிர்த்த மாடியில் இருக்கிற பல் டாக்டர் இப்போதே தன் கோட்டுகளைத் துவைக்கக் கேட்டுவிட்டார் என்று மூச்சுவிடாமல் பேசினாள். இவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

"என்னண்ணா?"

"பாப்பா, அந்தப் பணம்..."

அவள் பேச்சு நின்றது. "இருக்குல்ல?"

அவர் துண்டை மடியில் இறக்கினார். "இல்லை பாப்பா. பாதிக்கு மேல போயிருச்சு" என்றார்.

அப்புறம் சொல்லத் தொடங்கி, கிடங்கு, தூசி, கடைக்காரர், தாண்டிப் போன பக்கம் என்று ஒன்று விடாமல் சொன்னார். பூசி மெழுகவில்லை. அவள் குறுக்கே பேசாமல், வெளுத்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கேட்டாள். அழுவாள், இல்லை வாய்க்கு வந்தபடி திட்டுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று அவர் காத்திருந்தார்.

"தெரியாம சொன்ன. அது பரவாயில்லை" என்றாள். "எப்போ தெரிஞ்சுது?"

அவர் கண் மேலே போயிற்று. அவளும் மேலே பார்த்தாள். ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. நல்ல ஃபேன், அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இதை மாட்டின அன்னிக்கா?"

"அதுக்கு முந்தின நாள்."

ஒரு வெயில் காலம் முழுக்க அவள் அதற்குக் கீழே படுத்துத் தூங்கியிருக்கிறாள். வேலையிலிருந்து வந்து அதற்குக் கீழேதான் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் விரலை நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

பாப்பா எழுந்து போய் ஸ்விட்சை அணைத்தாள். ஃபேன் மெல்ல மெல்ல நின்றது. அது நிற்கிற வரைக்கும் அவள் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

"விக்கணும்னா அந்த ஆபீஸ்ல யாரைப் பாக்கணும்?"

"காலைல நான் கூட வரேன் பாப்பா. நானே எல்லாத்தையும்..."

"வேண்டாம்ணா" என்றாள் அவள், கோபமே இல்லாத குரலில். "பஸ் எதுன்னு மட்டும் சொல்லு. நான் போயிக்கிறேன்."